கிராவிட்டானுக்கு நிறை உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கத்து மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை; எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நிறையை எலெக்ட்ரான் வோல்ட்டில் (சுருக்கமாக எ.வோ.) சொல்கிறோம். ஒரு எ.வோ. என்பது 1.78 × 10⁻³⁶ கிலோ. எலெக்ட்ரானின் நிறை 5,11,000 எ.வோ.

1. கிராவிட்டான்னா என்ன சார்? யாராவது பார்த்திருக்காங்களா?

ஒளி அலைக்கு ஃபோட்டான் எப்படியோ, ஈர்ப்பு அலைக்குக் கிராவிட்டான் அப்படி. தனியாக ஒரு கிராவிட்டானை இதுவரை யாரும் பிடித்ததில்லை. ஆனால் நிறை உண்டா என்று கேட்க, ஒற்றைத் துகளைப் பிடித்தாக வேண்டும் என்றில்லை. துகளுக்கு நிறை இருந்தால் அதன் அலை நடக்கும் விதம் மாறும், விசை தூரத்தோடு குறையும் விதமும் மாறும். இந்த இரண்டையும் அளக்க முடியும்.

2. புத்தகத்துல நிறை பூச்சியம்னு போட்டிருக்கே. அப்புறம் ஏன் சந்தேகம்?

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியலில் அது பூச்சியம்தான். தற்சுழற்சி (துகளின் உள்ளார்ந்த சுழற்சி, spin) 2, நிறை பூச்சியம் என்று இரண்டையும் வைத்துச் சிறப்புச் சார்பியலுக்குள் ஒரு கொள்கையைக் கட்டினால், குறைந்த ஆற்றலில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தவிர வேறு எதிலும் போய் முடியாது. ஆகவே "நிறை உண்டா" என்று கேட்பது, "ஐன்ஸ்டைன் சமன்பாடுகள் எல்லாத் தூரத்துக்கும் பொருந்துமா" என்று கேட்பதற்குச் சமம்.

இயற்கை பூச்சியத்தைத்தான் எடுத்துக்கொண்டதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். ஃபோட்டானுக்கும் இதே நிலைமை. அதன் நிறை 10⁻¹⁸ எ.வோ.-வுக்குக் கீழே என்று அளந்திருக்கிறார்கள்; பூச்சியம் என்று அளந்தவர் யாரும் இல்லை.

3. நிறை இருந்தா ஆப்பிள் கீழே விழாதா?

விழும். நிறை இருந்தால் ஈர்ப்புக்கு ஓர் எட்டும் தூரம் வந்துவிடும். வீட்டுக்குள்ளே ஒன்றும் தெரியாது. பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது எதிரே வரும் வண்டியின் விளக்கை நினைத்துப் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். மூடுபனி இறங்கிவிட்டால் அந்தக் குறைவோடு இன்னொரு அடுக்குக்குறிக் குறைவும் சேரும். ஒரு தூரத்துக்கு மேல் விளக்கே தெரியாது. நிறை உள்ள ஈர்ப்பின் கணக்கும் இதே வடிவம்தான். இதற்கு யுகாவா வடிவம் என்று பெயர். உவமை ஓர் இடத்தில் உடைகிறது: பனி ஒளியைச் சிதறடிக்கிறது, ஈர்ப்பை நடுவில் எதுவும் தடுப்பதில்லை. எட்டாமல் போவது அந்தத் துகளின் இயல்பு.

எட்டும் தூரம் நிறைக்கு எதிர்விகிதம். பிளாங்க் மாறிலியை நிறையாலும் ஒளிவேகத்தாலும் வகுத்தால் கிடைப்பது காம்ப்டன் அலைநீளம். இங்கே பலரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. ஈர்ப்பு அலைக் கட்டுரைகளில் எழுதுவது இந்த நீளத்தை அப்படியே. யுகாவா வாய்ப்பாட்டில் வர வேண்டியது இதை 2π-ஆல் வகுத்த நீளம். எதை எடுத்தோம் என்று பார்க்காமல் போனால் விடை 6.28 மடங்கு தவறும்.

4. ஊட்டியில எடை குறையுதுன்னு சொல்றாங்களே, அது இதனாலயா?

இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற்றம் ஏறத்தாழ 1,900 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு விலகினால் எடை கிலோவுக்கு 0.6 கிராம் குறைய வேண்டும். காலுக்குக் கீழே இருக்கும் மலைப்பாறையின் ஈர்ப்பு அதில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடுகிறது. மிஞ்சுவது கிலோவுக்குச் சுமார் 0.4 கிராம், 50 கிலோ கேரட் மூட்டைக்கு 20 கிராம். இதுகூட வில் தராசிலும் மின்னணுத் தராசிலும்தான் தெரியும், அதுவும் கீழே சரிபார்த்த தராசை மேலே கொண்டுவந்தால்தான். தட்டுத் தராசில் பொருளும் படிக்கல்லும் சேர்ந்தே குறைவதால் தெரியாது.

இது முழுக்க நியூட்டன் கணக்கு. கிராவிட்டானுக்கு இன்று அனுமதிக்கப்படும் அதிகபட்ச நிறையை வைத்து யுகாவாக் குறைவைப் போட்டால், பூமியின் பரப்பில் எடையில் வரும் மாற்றம் தசமப் புள்ளிக்குப் பின் 19 பூச்சியம் தாண்டித்தான் தொடங்கும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே அது 10,000 கோடியில் 5 பங்கு.

5. அந்த "அதிகபட்ச நிறை" எவ்வளவுன்னு ஒரே ஒரு எண் சொல்லுங்க.

ஈர்ப்பு அலைகளை அளக்கும் லைகோ, விர்கோ கருவிகளின் மூன்றாம் அலைத் தொகுப்பிலிருந்து 2021-ல் வந்தது: 1.27 × 10⁻²³ எ.வோ.-வுக்குக் கீழே. கிலோவில் 2.3 × 10⁻⁵⁹. காம்ப்டன் அலைநீளம் 10 ஒளியாண்டுக்கு மேல். முதல் அலையிலிருந்து 2016-ல் சொன்ன எல்லை 1.2 × 10⁻²². ஏறத்தாழ பத்து மடங்கு இறங்கியிருக்கிறது.

ஒரே ஒரு எண் போதும் என்று நினைக்க வேண்டாம். இதைவிடப் பல கோடி மடங்கு சிறிய எல்லைகளும் உண்டு. அவை எந்த அனுமானத்தின் மேல் நிற்கின்றன என்பதை 15-ல் பாருங்கள்.

6. சமன்பாட்டுல நிறைக்கு ஒரு உறுப்பைச் சேர்த்துட்டா முடிஞ்சது இல்லையா?

1939-ல் ஃபியர்ஸும் பாலியும் அதைத்தான் செய்தார்கள். மெல்லிய ஈர்ப்புப் புலத்துக்கு நிறை உறுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த உறுப்பில் இரண்டு துண்டுகள். இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் துல்லியமாக மைனஸ் 1 ஆக இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் எதிர்மறை ஆற்றல் கொண்ட அலை ஒன்று உள்ளே வந்துவிடும்.

சரியாகச் சேர்த்தாலும் விளைவு சிறியதல்ல. நிறை இல்லாத கிராவிட்டான் இரண்டே விதமாக அதிரும். நிறை உள்ளது ஐந்து விதமாக அதிரும். காரணம் எளிது: நிறை இல்லாத துகளை எட்டிப் பிடிக்கவே முடியாது, ஆகவே அதன் சுழற்சி ஓடும் திசையோடு ஒட்டியே இருக்கும். நிறை உள்ளதை எட்டிப் பிடித்து, அதோடு நின்று, எந்தத் திசையிலிருந்தும் பார்க்கலாம். எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லாததால் தற்சுழற்சி 2-க்கு −2, −1, 0, 1, 2 ஆகிய ஐந்தும் இருந்தே ஆக வேண்டும். நிறை எவ்வளவு சிறியது என்பது இந்த எண்ணிக்கையை மாற்றாது. பூச்சியம் என்றால் இரண்டு, பூச்சியம் இல்லை என்றால் ஐந்து. இந்தக் கொள்கையின் தொல்லைகள், சுவைகள் எல்லாம் இந்தத் தாவலிலிருந்துதான் கிளம்புகின்றன.

7. நிறையைக் குறைச்சுக்கிட்டே போனா பழைய ஐன்ஸ்டைன் விடை வந்துடணும்ல?

வர வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1970-ல் வான் டாம், வெல்ட்மன் இருவரும், தனியே வாலன்டின் ஸகாரோவும், வராது என்று காட்டினார்கள். ஐந்தில் அந்த "0" அதிர்வு பொருள்களின் ஆற்றலோடும் அழுத்தத்தோடும் ஒரு குறிப்பிட்ட சேர்க்கையில் கைகோக்கிறது. சாதாரணப் பொருளுக்கு அந்தச் சேர்க்கை பூச்சியமல்ல, ஒளிக்குப் பூச்சியம். அதனால் அது கல்லை இழுக்கும், ஒளியை இழுக்காது.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஈர்ப்பு மூன்றில் நான்கு பங்காகிவிடும். கோள்களின் ஓட்டம் சரிவர வேண்டுமென்றால் ஈர்ப்பு மாறிலியை நான்கில் மூன்றாகக் குறைத்து வைக்க வேண்டும். குறைத்த கையோடு ஒளி வளைவதும் நான்கில் மூன்றாகிவிடும்: சூரியனின் விளிம்பில் 1.75 விகலைக்குப் (விகலை என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) பதில் 1.31. நிறையை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த 1.31 அசையாது.

8. கொடைக்கானல்ல சூரியனோட சிவப்புப் பெயர்ச்சியை அளந்தாங்களே, அதுல இது தெரியாதா?

தெரியாது. சிவப்புப் பெயர்ச்சி என்பது ஈர்ப்பை மீறி வெளியேறும் ஒளியின் நிறம் சிவப்புப் பக்கம் நகர்வது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் முயன்றது மிக நுண்ணிய அளவீடு. எதிர்பார்க்கும் பெயர்ச்சி விநாடிக்குச் சுமார் 0.6 கி.மீ. வேகத்துக்குச் சமம், சூரியப் பரப்பில் கொதித்து ஏறி இறங்கும் வாயுவின் வேகமும் அதே அளவு, ஆகவே பிரித்தெடுப்பது கடினம். ஆனால் நம் கேள்விக்கு அது தொடர்பில்லை. சிவப்புப் பெயர்ச்சி நியூட்டன் ஈர்ப்பு ஆழத்தை மட்டும் பார்க்கிறது. கோள்களின் ஓட்டத்துக்கு ஏற்ப மாறிலியைச் சரிசெய்த பிறகு அந்த ஆழம் இரு கொள்கையிலும் ஒன்றே. ஒளி வளைவதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

9. அப்படின்னா 1919 கிரகணத்துலயே இந்தக் கொள்கை செத்துப்போச்சே?

அந்தக் கிரகணத்தில்தான் சூரியனருகே விண்மீன் ஒளி வளைவதை அளந்தார்கள். 1.31 மட்டுமே விடை என்றால் செத்துத்தான் போயிருக்கும். இன்றைய ரேடியோ அளவீடுகள் 1.75-ஐ மிகத் துல்லியமாக உறுதிசெய்திருக்கின்றன. 1972-ல் வைன்ஷ்டைன் ஒரு வழி காட்டினார். 7-ல் போட்ட கணக்கு மெல்லிய புலத்துக்கானது. ஒரு பொருளுக்கு அருகே அந்த "0" அதிர்வு தன்னோடு தானே பலமாக வினைபுரியத் தொடங்குகிறது. அங்கே மெல்லிய புலக் கணக்கு செல்லாது. தன்வினையில் சிக்கிக்கொண்ட அதிர்வு வெளியே உள்ள கல்லை இழுக்கச் சக்தியற்றுப் போகிறது, ஐன்ஸ்டைன் விடை திரும்பி வருகிறது. இது நடக்கும் எல்லைக்கு வைன்ஷ்டைன் ஆரம் என்று பெயர்.

10. சூரியனுக்கு அந்த ஆரம் எவ்வளவு? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

இன்று பயன்படுத்தும் கொள்கையில் (அடுத்த பதிலில் வருகிறது) செய்முறை இது: பொருளின் ஷ்வார்ஷில்ட் ஆரத்தை (அந்த நிறை கருந்துளையாகச் சுருங்கினால் இருக்கும் ஆரம்), 2π-ஆல் வகுத்த காம்ப்டன் நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கனமூலம் எடுங்கள். சூரியனுக்கு ஷ்வார்ஷில்ட் ஆரம் 3 கி.மீ. கிராவிட்டானின் எட்டும் தூரம் அண்டத்தின் அளவு, 1.4 × 10²⁶ மீட்டர் என்று வைத்தால், விடை சுமார் 400 ஒளியாண்டு. சூரியக் குடும்பம் முழுக்க ஆழ உள்ளே இருக்கிறது. பூமிக்கு ஷ்வார்ஷில்ட் ஆரம் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விடை சுமார் 6 ஒளியாண்டு.

இப்போது 5-ல் சொன்ன 1.27 × 10⁻²³ எ.வோ.-வைப் போடுங்கள். எட்டும் தூரம் 1.55 × 10¹⁶ மீட்டர். வைன்ஷ்டைன் ஆரம், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் ஆறு மடங்குதான். வியாழன் உள்ளே, சனி வெளியே! நிறை கூடக்கூட மறைப்பு சுருங்குகிறது. "சின்ன நிறைன்னா சின்ன மாற்றம்தானே" என்று நினைத்து இந்த இடத்தில் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். 6-ல் சொன்னபடி மாற்றம் சிறியதல்ல; சிறிய நிறையில் அது ஒளிந்துகொள்ளும் இடம் பெரியது.

11. "பேய்"னு ஒண்ணு வருதாமே, அது என்ன?

எதிர்மறை இயக்க ஆற்றல் கொண்ட அதிர்வை இத்துறையில் பேய் என்பார்கள். அது இருந்தால் ஒன்றுமில்லாத வெளியிலிருந்து ஒரு பேயும் ஒரு சாதாரணத் துகளும் செலவே இல்லாமல் பிறக்கலாம், பிறந்துகொண்டே இருக்கலாம். வெற்றிடம் நிலைக்காது. மெல்லிய புலத்தில் ஃபியர்ஸ்–பாலி விகிதம் பேயைத் தடுத்தது. ஆனால் 9-ல் பார்த்தபடி கொள்கையைக் காப்பாற்ற மெல்லிய புலத்தைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டினால் ஆறாவதாக ஒரு அதிர்வு வரும், அது பேய் என்று 1972-லேயே பௌல்வேரும் டெஸரும் காட்டினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டு இந்தத் துறை அங்கேயே நின்றது.

2010-ல் க்ளாடியா டி ராம், கபதாட்ஸே, டோலி மூவரும் வழியைத் திறந்தார்கள். நிறை உறுப்பை ஒவ்வொரு படியிலும் பேய் எழாதபடி தேர்ந்தெடுத்து, முடிவில்லாத அந்தத் தொடரை ஓர் அணியின் வர்க்கமூலமாகக் கூட்டி எழுதினார்கள். நிறை போக இரண்டு எண்களே மிஞ்சின. ஆறாவது அதிர்வு எந்தப் படியிலும் வராது என்று ஹசனும் ரோசனும் 2011-ல் நிரூபித்தார்கள். ஒரு விலை உண்டு: நிறை உறுப்பை எழுத, நாம் வாழும் வெளி–காலத்தோடு ஒப்பிட இரண்டாவதாக ஓர் அளவுகோல் வெளி தேவைப்படுகிறது. அதையும் அசையும் பொருளாக்கினால் கிடைப்பது இரட்டை அளவுகோல் ஈர்ப்பு. அதில் நிறை இல்லாத கிராவிட்டான் ஒன்று, நிறை உள்ளது ஒன்று. மொத்தம் ஏழு அதிர்வு.

12. ஹிக்ஸ் எல்லாத்துக்கும் நிறை தருதாமே, இதுக்கும் தரலாமே?

மெல்விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்களுக்குத் தருகிறது. அங்கே ஹிக்ஸ் துகள் சேர்ந்த பிறகு கொள்கை மிக உயர்ந்த ஆற்றல் வரைக்கும் தாங்கும். ஈர்ப்புக்கு அதுபோல் முழுமையாக்கும் வழி இன்னும் கையில் இல்லை. நிறையை அண்டத்தின் அளவுக்கு வைத்தால், 11-ல் சொன்ன கொள்கை வெற்றுவெளியில் சுமார் 1,000 கி.மீ.-க்குக் குறைந்த தூரங்களில் குவாண்டம் திருத்தங்களைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறும். பூமி போன்ற பொருளுக்கு அருகே வைன்ஷ்டைன் விளைவு இந்தத் தூரத்தைக் குறைக்கிறது. எவ்வளவு குறைக்கிறது என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

13. இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் இதையே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க?

1998-ல் அண்டம் வேகம் கூடி விரிவது தெரிந்தது. வெற்றிட ஆற்றலைத் துகள் இயற்பியலில் கணக்கிட்டால், வானத்தில் பார்ப்பதைவிட 10¹²⁰ மடங்கு வரை பெரிதாக வருகிறது. ஈர்ப்புக்கு எட்டும் தூரம் உண்டென்றால், அண்டம் முழுக்க ஒரே சீராகப் பரவிய வெற்றிட ஆற்றலை அது முழுமையாக உணராது என்ற நம்பிக்கைதான் தூண்டுகோல். அதற்கு நிறை 10⁻³³ எ.வோ. அளவில் இருக்க வேண்டும். இன்னொரு நன்மையும் உண்டு: நிறை பூச்சியமானால் ஒரு சமச்சீர் திரும்பி வருவதால், வைத்த சிறிய நிறையைக் குவாண்டம் திருத்தங்கள் ஊதிப் பெரிதாக்காது. வேகம் கூடுவதற்கு வழக்கமாகச் சொல்லும் அண்டவியல் மாறிலிக்கு (வெற்றிட ஆற்றலைக் குறிக்கும் எண்) இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கொள்கை மிகவும் பலவீனமாக நிற்பதும் இதே இடத்தில்தான் என்பது எங்கள் கணிப்பு. தட்டையான அளவுகோல் வெளியை வைத்தால், நாம் காண்பதுபோல் எங்கும் ஒரே சீராக விரியும் தட்டையான அண்டம் அதற்குத் தீர்வாகவே வருவதில்லை என்று 2011-ல் தெரிந்தது. வளைந்த அண்டத்துக்குத் தீர்வு உண்டு, ஆனால் நிலைக்காது. வேகம் கூடி விரியும் வெளியில் நிறையின் வர்க்கம் விரிவு வீதத்தின் வர்க்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தாக வேண்டும், இல்லையேல் பேய் வரும் என்ற ஹிகுச்சியின் 1987-ஆம் ஆண்டு நிபந்தனையும் குறுக்கே நிற்கிறது. இரட்டை அளவுகோல் கொள்கைக்கு இதில் சற்று வழி இருக்கிறது.

14. ஈர்ப்பு அலையை வச்சு நிறையை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? முத்தோரை டெலஸ்கோப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதகை அருகே முத்தோரையில் மலைச்சரிவில் படுத்திருக்கிற ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970-ல் முடிந்தது. சரிவு 11 பாகை, உதகையின் அட்சமும் 11 பாகை. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பி ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். ஒரு பல்சாரின் (சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) துடிப்பு விண்மீன்களுக்கு இடையே உள்ள எலெக்ட்ரான்களைக் கடந்து வரும்போது குறைந்த அதிர்வெண் பின்தங்கும். கன சென்டிமீட்டருக்கு 0.03 எலெக்ட்ரான், தூரம் 1,090 ஒளியாண்டு என்று வைத்துக்கொண்டால், 1,400 மெகாஹெர்ட்ஸில் தாமதம் 0.02 விநாடி, 326.5-ல் 0.39 விநாடி. தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். எலெக்ட்ரான் கூட்டத்துக்குள் ஃபோட்டான் நிறை உள்ளதுபோலவே நடந்துகொள்கிறது.

நிறை உள்ள கிராவிட்டானின் தாமதமும் இதே வடிவம்தான், ஆனால் வெற்றிடத்திலேயே நடக்கும். நிறையை அலையின் ஆற்றலால் வகுத்து, வர்க்கமாக்கி, பாதி எடுத்தால் ஒளியைவிட எவ்வளவு பங்கு மெதுவு என்று வரும். 2015 செப்டம்பர் 14 அலையைப் பாருங்கள். இரு கருந்துளைகள் இணைந்தபோது 0.2 விநாடிக்குள் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. தூரம் 130 கோடி ஒளியாண்டு. நிறை 1.2 × 10⁻²² எ.வோ. என்றால் 35 ஹெர்ட்ஸ் பகுதி 14 மில்லிவிநாடி பிந்தும், 250 ஹெர்ட்ஸ் பகுதி 0.3 மில்லிவிநாடிதான் பிந்தும். முன்னால் கிளம்பியது மெதுவாக வர, பின்னால் கிளம்பியது நெருங்கிவிடும். அலையை ஒலியாக்கினால் வரும் கீச்சொலி இறுகிக் கேட்கும். 35 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 29 மில்லிவிநாடி, ஆகவே 14 என்பது அரைச் சுற்றுப் பிசகு. அவ்வளவு பிசகு கண்ணில் படாமல் போகாது. படவில்லை என்பதிலிருந்து வந்ததே அந்த எல்லை.

இன்னும் குறைந்த அதிர்வெண்ணுக்குப் பல்சார்கள் வேண்டும். இந்தியப் பல்சார் நேர அளவீட்டுக் குழுவின் தொடக்க அளவீடுகளில் உதகைத் தொலைநோக்கியும் புணே அருகே உள்ள பெரிய மீட்டர் அலைத் தொலைநோக்கியும் சேர்ந்து பங்கேற்றன. முதலில் அந்த எலெக்ட்ரான் தாமதத்தைக் கழித்தாக வேண்டும், அதற்குக் குறைந்த அதிர்வெண் அளவீடு விலைமதிப்பற்றது. 2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து இந்தியக் குழுவும், தனியே அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்களும், நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பு அலைகளுக்கான சான்றை வெளியிட்டார்கள். நிறை உள்ள அலைக்கு ஒரு தரை உண்டு: நிறைக்குச் சமமான ஆற்றலுக்குக் கீழே அலையே ஓடாது. 15 ஆண்டுச் சுற்று உள்ள அலை ஓடுகிறது என்று உறுதியானால், அதன் ஆற்றல் 8.7 × 10⁻²⁴ எ.வோ.; நிறை அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். நிறை இருந்தால் பல்சார் ஜோடிகளுக்கு இடையே எதிர்பார்க்கும் ஹெல்லிங்ஸ்–டௌன்ஸ் வளைகோட்டின் (இரு பல்சார்களின் நேரப் பிசகுகள் எவ்வளவு ஒத்துப்போகும் என்பதை அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தோடு காட்டுவது) வடிவமும் மாறும்.

15. ஒரு இடத்துல 10⁻²³, இன்னொரு இடத்துல 10⁻²⁹, வேற இடத்துல 10⁻³². எதைத்தான் நம்புறது?

எல்லாமே சரியாகப் போட்ட கணக்குகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு தரையில் நிற்கிறது. அலைகளிலிருந்து வரும் 10⁻²³ கேட்பது ஒன்றே ஒன்று: தாமதம் 14-ல் சொன்ன வடிவில் இருக்க வேண்டும். அனுமானம் மிகக் குறைவு, ஆகவே பெரிய எண் என்றாலும் உறுதியானது. கோள்களின் ஓட்டத்திலிருந்தும் அதை ஒட்டிய எல்லை கிடைக்கிறது. ஆனால் அது 3-ன் யுகாவா வடிவத்தை நம்பியது. வைன்ஷ்டைன் ஆரத்துக்குள் அந்த வடிவம் பொருந்தாது.

1974-ல் கோல்ட்ஹேபரும் நீட்டோவும் சொன்ன 10⁻²⁹ அளவு, பல பத்து லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள விண்மீன் மண்டலத் திரள்கள் பிணைந்து நிற்பதிலிருந்து வந்தது. அதுவும் யுகாவாவை நம்பியதே. நிலாவில் 1969 முதல் வைத்த பிரதிபலிப்பான்களில் லேசரைப் பாய்ச்சி அளக்கும் தூரம் வைன்ஷ்டைன் மறைப்பில் மிஞ்சும் சிறு விசையைத் தேடுகிறது. கொள்கையின் எந்த வகை என்பதைப் பொறுத்து அது 10⁻³⁰ முதல் 10⁻³² வரை போகும். ஆனால் அந்த வகைக்கு மட்டும்தான் செல்லும். மெல்லிய ஈர்ப்பு வில்லை விளைவிலிருந்து (வழியில் உள்ள பொருளின் ஈர்ப்பு தொலைவான விண்மீன் மண்டலங்களின் வடிவத்தைச் சற்றே திரிப்பது) வரும் 10⁻³² அளவு எல்லைக்கு அண்டத்தில் பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்ற மாதிரியும் வேண்டும். எந்த எல்லையைப் படித்தாலும் எண்ணுக்கு முன்னால் "எதை நம்பி?" என்று கேளுங்கள்.

16. 2017-ல ஈர்ப்பு அலையும் காமா கதிரும் 1.7 செகண்ட்ல வந்துச்சே. அதுதானே பெஸ்ட் ஆதாரம்?

வேகத்துக்கு அது அருமையான ஆதாரம். 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து இரண்டும் வந்தன. வேக வேறுபாடு 10¹⁵-ல் சில பங்குக்கு மேல் இல்லை. இதனால் ஈர்ப்பு வேகத்தையே மாற்றும் பல கொள்கைகள் விழுந்தன. நிறை உள்ள கிராவிட்டான் விழவில்லை. 1.27 × 10⁻²³ எ.வோ. நிறைக்கு 100 ஹெர்ட்ஸில் வேகக் குறைவு 5 × 10⁻²² மட்டுமே, அதாவது அந்தச் சோதனை பார்க்கக்கூடியதைவிட பத்து லட்சம் மடங்குக்கும் சிறியது. அதோடு, காமா கதிர் மூலத்திலிருந்தே எப்போது கிளம்பியது என்பது தெரியாது. 14-ல் சொன்ன முறை அலையின் ஒரு பகுதியை அதே அலையின் இன்னொரு பகுதியோடு ஒப்பிடுவதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

17. எங்க காலேஜ் கம்ப்யூட்டர்ல நாங்களே இந்த எல்லையைப் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. லைகோ தரவு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. பைத்தான் தெரிந்தால் போதும். 2015 செப்டம்பர் 14 நிகழ்வுக்கு லைகோவின் இரு கருவிகள் உள்ள ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் இரண்டின் கோப்புகளையும் விநாடிக்கு 4,096 மாதிரி வீதத்தில் எடுங்கள். 32 விநாடிக் கோப்பு படம் வரையப் போதும். இரைச்சலின் நிறமாலையை நம்பகமாக மதிப்பிட 4,096 விநாடிக் கோப்பு வேண்டும். அந்த நிறமாலையால் தரவை வகுத்துச் சமப்படுத்தி, 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கூர்மையாக நிற்கும், அவற்றை நீக்க வேண்டும். பிறகு பொதுச் சார்பியல் அலைமாதிரியை அதிர்வெண் வடிவில் எடுத்து, அதன் கட்டத்திலிருந்து (phase) ஒரு கோணத்தைக் கழியுங்கள்: π, தூரம், ஒளிவேகம் மூன்றையும் பெருக்கி, காம்ப்டன் நீளத்தின் வர்க்கம், ஒன்றோடு (அண்டம் விரிவதால் வரும்) சிவப்புப் பெயர்ச்சியைக் கூட்டிய எண், அதிர்வெண் ஆகிய மூன்றாலும் வகுத்த கோணம். சரிபார்க்க: 10¹⁶ மீட்டருக்கு 35 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 ரேடியன் வர வேண்டும், அதாவது 14-ன் அரைச் சுற்று. நீளத்தைப் படிப்படியாகக் குறைத்து, பொருத்தம் எங்கே கெடுகிறது என்று பாருங்கள்.

முதல் முயற்சியில் பலருக்கும் உண்மையைவிட இறுக்கமான எல்லைதான் வரும். காரணம், கருந்துளைகளின் நிறைகளை வெளியிட்ட மதிப்பிலேயே நிறுத்திவிடுவது. அந்த மதிப்புகள் கிராவிட்டான் நிறை பூச்சியம் என்று வைத்து எடுத்தவை. அதோடு நீங்கள் கழிக்கும் கோணத்தின் "அதிர்வெண்ணால் வகுத்த" வடிவம், இரு கருந்துளைகளின் நிறை விகிதத்திலிருந்தும் அப்படியே வருகிறது. ஒன்று மற்றொன்றின் வேடம் போடும். ஆகவே இரு நிறைகள், சுழற்சி, இணைந்த நேரம், கட்டம், வீச்சு எல்லாவற்றையும் கூடவே மாறவிட வேண்டும். அலையின் தொடக்கமும் முடிவும் இரண்டும் இரைச்சலுக்கு மேலே தெரிந்தால்தான் இவை பிரியும். கோணத்தில் வரும் தூரம் வழக்கமான ஒளிர்வுத் தூரமும் (மூலம் எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து கணக்கிடும் தூரம்) அல்ல, 0.09 சிவப்புப் பெயர்ச்சிக்கு வித்தியாசம் சிறிது, தொலைவான நிகழ்வுகளுக்குப் பெரிது.

18. நிறை சரியா பூச்சியம்தான்னு என்னைக்காவது நிரூபிக்க முடியுமா?

அளவீட்டால் முடியாது, எல்லையைத்தான் இறக்க முடியும். 25 லட்சம் கி.மீ. கைகளோடு விண்வெளிக்குப் போகவிருக்கும் ஈர்ப்பு அலைக் கருவி லிசா, மில்லிஹெர்ட்ஸ் அலைகளைக் கேட்கும். அதிர்வெண் குறைவு, தூரமும் அதிகம். இரண்டும் தாமதத்தைக் கூட்டுவதால் எல்லை 10⁻²⁵ எ.வோ. பக்கம் இறங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

கீழே ஒரு தரை உண்டு. நிறை 10⁻³³ எ.வோ.-வுக்கு வெகுவாகக் கீழே போனால் எட்டும் தூரம் நாம் காணக்கூடிய அண்டத்தைவிடப் பெரிதாகிவிடும். அதன் யுகாவாக் குறைவு நமக்குத் தெரியும் வெளிக்குள் எங்கும் வராது. 10-ல் பார்த்தபடி வைன்ஷ்டைன் ஆரமும் பெரிதாகிக்கொண்டே போய், ஐந்து அதிர்வில் கூடுதலான மூன்றும் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். அந்த நிறையையும் பூச்சியத்தையும் பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் இந்த அண்டத்துக்குள் இருக்காது. ஆகவே தேட வேண்டிய இடம் 10⁻²³-க்கும் 10⁻³³-க்கும் நடுவே உள்ள பத்துப் படிகள்.